முத்திரை மாமாட்டக் கேளுங்க: பாட்டு டிவிக்கு முத்திரை அடிச்சா அதில யார்ட முகம்?

போன இதழ்ல சும்மா போற போக்குல "மீனுக்கு முத்திரை விடுறாங்க, கிரிக்கட்டுக்கு விடுறாங்க, பாட்டு டிவிக்கு விட்டா என்னவாம்" எண்டு ஒரு வரி எழுதிப் போட்டன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாசம் மேசையில கடிதம் குவிஞ்சு கிடக்கு, வாட்ஸ்அப்ல வந்தது வேற. ரெண்டு பேர் தவறுதலா எனக்கு மீன் சொதி கேட்டு எழுதியிருந்தாங்க, அத சமையல் பக்கத்து அக்காட்ட குடுத்திட்டன்.

மாமா, உண்மையா கேக்கிறன். எம்.டி.வி மாதிரி பாட்டுச் சேனலுக்கு முத்திரை விடுறதுல தபால்காரங்களுக்கு என்ன கஷ்டம்?
*— உயர்தர மாணவி, கல்லடி*

கஷ்டம் பெருசா ஒண்டுமில்ல மகள், கூச்சம்தான். சேனல் எண்டா அது ஒரு கொம்பனி. முத்திரை எண்டா அரசாங்கத்துட காகிதம், கிட்டத்தட்ட காசு மாதிரி. அதில ஒரு கொம்பனிட லோகோவப் போட்டா அது விளம்பரமாப் போயிரும், அடுத்த நாள் மற்றக் கொம்பனிக்காரன் வந்து கடப்படியில நிப்பான், எங்கட லோகோ எங்க எண்டு. ஆனா சனத்துக்குப் பிடிச்ச விசயத்த முத்திரையில போட்டா நல்லா விக்கும் எண்டும் அவங்களுக்குத் தெரியும், அதால சுத்தி வளைச்சு ஒரு வழி கண்டுபிடிப்பாங்க.

அமெரிக்காக்காரன் செஞ்சத பாருங்க. இருவதாம் நூற்றாண்டு முடியிற நேரம் பத்துப் பத்து வருசத்துக்கு ஒரு தாள், ஒரு தாள்ல 15 முத்திரை எண்டு ஒரு தொடர் விட்டாங்க. 1950கள்ட தாள்ல இருந்து பிறகு வந்த தாளுக்கெல்லாம் என்ன படம் போடுறது எண்டு சனத்துட்டயே வோட்டுக் கேட்டாங்க. 1980களுக்கான தாள் 2000 ஜனவரியில வந்திச்சு, முத்திரை ஒண்டு 33 சதம், அதில ஒண்டு கேபிள் டிவிக்கு! அதே தாள்ல கொம்பெக்ட் டிஸ்க், வீடியோ கேம், ஹிப்ஹொப், பேர்லின் சுவர் விழுந்தது எல்லாம் இருக்கு. எம்.டி.விட பேரச் சொல்லாமலே எம்.டி.வி காலத்துக்கு முத்திரை விட்ட மாதிரிதான் அது. எனக்கு அது சரியாத்தான் படுது, ஏனெண்டா சேனல் வரும் போகும், அதுக்கு முன்னால வாயப் பிளந்துகொண்டு இருந்த சனத்துட காலம்தான் முத்திரைக்குரிய விசயம்.

அந்தச் சேனல் தொடங்கின கதையையும் சொல்லிப் போடுறன். 1981 ஆகஸ்ட் 1ஆந் திகதி, நடுச்சாமம் தாண்டி ஒரு நிமிசம். முதல்ல போட்ட பாட்டே "வீடியோ வந்து ரேடியோப் பாடகன கொண்டு போட்டுது" எண்டு சொல்ற பாட்டு, என்ன குசும்பு பாருங்க. பகிடி என்னெண்டா சேனல் நடத்தினவங்கட ஒபிஸ் இருந்தது நியூயோர்க் மன்ஹட்டன்ல, ஆனா அங்கத்தைய கேபிள்ல அந்தச் சேனல் வரேல்ல. அதால வேலை செஞ்ச ஆக்களெல்லாம் ஆத்துக்கு அங்கால நியூ ஜேர்சிக்குப் போய் ஒரு சாப்பாட்டுக் கடையில குந்திக்கொண்டு தங்கட சேனல தாங்களே பாத்திருக்காங்க. இத வாசிச்ச நேரம் எனக்கு மட்டக்களப்பு வாவிக்கு அங்கால இருக்கிற படுவான்கரை ஞாபகம்தான் வந்திச்சு. வீடியோ டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டருக்கு எண்ணெய் சேர்த்து, ஒரு வீட்டு முத்தத்துல முழு ஊரும் பாய் விரிச்சுப் படுத்துக்கொண்டு விடிய விடிய படம் பாத்த சனம் நாங்க. எண்ணெய் முடிஞ்சு பாட்டு நடுவுல நிண்டா, மிச்சப் பாட்ட பின்னுக்கு இருக்கிற பொடியனுகள் பாடி முடிப்பானுகள். அமெரிக்காக்காரனும் அக்கரைக்குப் போய்த்தான் பாட்டுப் பாத்திருக்கான்.

இன்னொண்டு, இது முத்திரைக்காரருக்கு மட்டும் ருசிக்கிற விசயம். எம்.டி.வி தொடங்கேக்க காட்டினது அப்பலோ 11 ரொக்கட் போறதும் சந்திரனுல மனிசன் நிக்கிறதும், கொடியில மட்டும் தங்கட லோகோவ மாத்தி மாத்திப் போட்டாங்க. நீல் ஆம்ஸ்ட்ரோங் சந்திரனுல கால் வைக்கேக்க சொன்ன அந்த வசனத்தையும் போடத்தான் பாத்தாங்க, மனுசன் விடேல்ல, அதால அந்த இடத்துல பீப் சத்தம். ஆனா அதே சந்திரன் காட்சி 12 வருசத்துக்கு முந்தியே முத்திரையில வந்திட்டு, 1969 செப்டம்பர் 9ல 10 சத விமானத்தபால் முத்திரை. அந்த முத்திரைய அச்சடிக்கிறதுக்கான உலோக அச்ச அப்பலோ 11லயே சந்திரனுக்குக் கொண்டு போய் வந்தாங்க. எம்.டி.விக்குக் கிடைக்காதது தபால் திணைக்களத்துக்குக் கிடைச்சிருக்கு மகள், அதுதான் எங்கட ஆக்கள்ட கெத்து.

எம்.டி.வி எண்டா நம்மட சக்தி டிவி வச்சிருக்கிற ஆக்கள்தானே? அவங்களுக்கு ஏன் அமெரிக்காவில முத்திரை?
*— காரைதீவு வாசகர்*

இல்ல தம்பி. நம்மட நாட்டு எம்.டி.வி மகாராஜா டெலிவிஷன், அதுட தம்பி தங்கச்சிதான் சிரசவும் சக்தியும். அமெரிக்காட எம்.டி.வில எம் எண்டா மியூசிக். பேர் ஒண்டு, ஆள் வேற. நானும் சின்ன வயசுல ரெண்டையும் ஒண்டு எண்டு நினைச்சு ஒரு பெரிய மனுசனோட வாதாடி மூக்குடைபட்டவன்தான், வெக்கப்படாதீங்க.

பாட்டுப் பாடுற முத்திரை இருக்கு எண்டு வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ சுத்துது. ரெக்கோட் பிளேயர்ல முத்திரைய வைக்கிறாங்க, பாடுது. எடிட் பண்ணினதா?
*— சில்லறைக் கடைக்காரர், காத்தான்குடி*

எடிட் இல்ல நானா, சத்தியமா உண்மை. பூட்டான் நாட்டு முத்திரை அது. 1970கள் தொடக்கத்துல விட்டது, ஏழு முத்திரை ஒரு செட். வட்டமா இருக்கும், பிளாஸ்டிக், மேல சின்னச் சின்ன கோடு ஓடும். பின்னால ஒட்டுற தாள், உரிச்சு கடிதத்துல ஒட்டலாம், இல்ல நடு ஓட்டையில பிளேயர்ட கம்பிய விட்டு நிமிசத்துக்கு 33 சுத்துல ஓட விட்டா பாடும். சிலதுல பூட்டான்ட தேசிய கீதமும் நாட்டுப்புறப் பாட்டும், சிலதுல அந்த நாட்டுட வரலாறு பேச்சா இருக்கும்.

இதுக்குப் பின்னால ஒரு அமெரிக்கா வியாபாரி, பேர் பேர்ட் டொட். பூட்டானுக்கு அப்ப காசு வேணும், ரோட்டுப் போடவேணும், வெளிநாட்டுக் காசு வர வழியில்ல. மலைக்குள்ள இருக்கிற ஒரு நாடு உலகத்துக்கு என்னத்த விக்கிறது? முத்திரைய விக்கிறது எண்டு யோசிச்சிருக்கான் மனுசன். 1962ல முதல் முத்திரை. ஆனா சாதாரண முத்திரை விட்டா யார் வாங்குவான், மறுகா ஒவ்வொண்டா வந்திச்சு, இரும்புத் தகட்டுல முத்திரை, பட்டுத் துணியில முத்திரை, ரோசாப்பூ மணக்கிற முத்திரை, அதோட இந்தப் பாட்டு முத்திரை. அந்தக் காலத்து பெரிய பெரிய சேகரிப்பாளர் எல்லாம் மூக்கச் சுழிச்சாங்க, இது முத்திரையா விளையாட்டுச் சாமானா எண்டு. இப்ப அதே ஆக்கள்ட பேரன்மார் நல்ல விலை குடுத்து தேடித் திரியிறாங்க.

நான் இதில ரசிக்கிற விசயம் வேற. பூட்டானுக்கு டிவி வந்தது எப்ப எண்டு நினைக்கிறீங்க? 1999ல. அதுவரைக்கும் அந்த நாட்டுல டிவிக்கு அனுமதியே இல்ல. பாட்டுச் சேனல் எண்டா என்னெண்டே தெரியாத நாடு, அதுக்கு 25 வருசத்துக்கு முந்தியே பாட்ட முத்திரைக்குள்ள அடைச்சு உலகம் முழுக்க அனுப்பியிருக்கு. 2008ல சீடி முத்திரையும் விட்டாங்க, அதையும் கம்பியூட்டர்ல போடலாம். இப்ப சீடி போடுற கம்பியூட்டரத் தேடுறதுதான் பாடு, நானா, ரெக்கோட் பிளேயரக் கூட எங்கயாவது பழைய வீட்டுல கண்டுபிடிச்சிரலாம்.

நீங்க இலங்கை வானொலிக்கு தபாலட்டை எழுதினதுண்டா தம்பி? இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு அது விளங்காது.
*— ஒரு பாட்டி, ஆரையம்பதி*

எழுதாம இருப்பனா பாட்டி! உங்கட கேள்விய வாசிச்சு கொஞ்ச நேரம் பேனைய வச்சிட்டு சும்மா இருந்த நான்.

புள்ளைகளுக்காகச் சொல்றன். பாட்டு வேணுமெண்டா ஃபோன்ல தட்டுற காலம் இல்ல அது. தபால் கந்தோருக்குப் போய் தபாலட்டை வாங்கவேணும். தபாலட்டைக்கு முத்திரை ஒட்டத் தேவல்ல, மேல் மூலையில அதிலயே அச்சடிச்சிருக்கும். எங்கட வீட்டுல நாலு பேர், ஒரு அட்டை. பாட்டுட பேர், படத்துட பேர், மறுகா கீழ பேர் வரிசை. அண்ணன்ட பேர் முதல், மறுகா அக்கா, மறுகா நான், மறுகா மாமிட புள்ளைகள், இடம் காணாம ஓரத்துல சரிச்சு சரிச்சு எழுதி கடைசியில தங்கச்சிட பேர் அச்சடிச்ச முத்திரைக்குப் பக்கத்துல போய் முட்டி நிக்கும். அவள் அதுக்கும் அழுவாள், என்ட பேரத்தான் வாசிக்காம விட்டுருவாங்க எண்டு. போட்ட நாள்ல இருந்து ரேடியோவுக்குப் பக்கத்துல காவல். அறிவிப்பாளர் ஊர் பேர் வாசிக்கத் தொடங்கினா அம்மா அடுப்படியில இருந்து கையக் காட்டுவா, வாய மூடு எண்டு. "மட்டக்களப்பு..." எண்டு தொடங்கினா வீட்டுல மூச்சு விடுற சத்தமும் கேக்காது. அநேகமா அது வேற யாராவதாத்தான் இருக்கும். ஒரே ஒருக்கா நம்மட பேர் வந்திச்சு, அதுவும் அக்காட பேர பிழையா வாசிச்சு, அக்காவ ஒரு வருசமா அந்தப் பிழையான பேராலதான் கூப்பிட்ட நாங்க.

நம்மட நாட்டு வானொலி 1925ல தொடங்கினது. 1952ல இந்தியாவில அகில இந்திய வானொலிக்குப் பொறுப்பா வந்த மந்திரி பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு தரமில்ல எண்டு அத ஓரங்கட்டினார். உடனே இந்தியாக்காரர் என்ன செஞ்சாங்க, ரேடியோவ கொழும்புப் பக்கம் திருப்பினாங்க. இலங்கை வானொலியில அமீன் சயானி நடத்தின பினாக்கா கீத்மாலா அந்த வருசம்தான் தொடங்கினது. கடிதம் மூட்டை மூட்டையா கடல் தாண்டி கொழும்புக்கு வந்திச்சு. யோசிச்சுப் பாருங்க, ஆசியாட முதல் பெரிய பாட்டுச் சேனல் எண்டு நான் சொல்றது அதத்தான், அது ஓடினதே தபாலாலதான். அந்தக் கடிதம் ஒவ்வொண்டுலயும் முத்திரை. பாட்டுக்கும் முத்திரைக்கும் என்ன சம்பந்தம் எண்டு இந்த மாசம் எனக்கு ஏழெட்டுப் பேர் கேட்டிருக்காங்க, பதில் உங்கட கேள்விக்குள்ளதான் கிடக்கு பாட்டி.

என்னட்டக் கேட்டா பாட்டுச் சேனலுக்கு முத்திரை அடிக்கிற நாள் வந்தா லோகோவும் வேணாம் அறிவிப்பாளரும் வேணாம், ஓரத்துல சரிச்சு எழுதின நாலு பேரோட ஒரு தபாலட்டையப் போடச் சொல்லுவன்.

என்ட வாப்பாட பழைய அல்பத்துல மைக்கேல் ஜாக்சன் முத்திரை இருக்கு. கோடி போகுமா?
*— இளைஞர், வாழைச்சேனை*

கோடி போகாது மனே. ஒரு பிளேன் டீயும் ரெண்டு வடையும் போனா சந்தோசப்படுங்க.

அது அநேகமா கரிபியன்ல இருக்கிற சென் வின்சன்ட் நாட்டு முத்திரையா இருக்கும், 1985ல விட்டது. அதே வருசம் பிரிட்டிஷ் வேர்ஜின் தீவுகளும் மைக்கேல் ஜாக்சன் முத்திரை தயாரிச்சு, மகாராணிட தலையோட உயிரோட இருக்கிற ஒரு பாட்டுக்காரன்ட படமா எண்டு அரண்மனையில விரும்பாததால கடைசி நேரத்துல நிப்பாட்டிட்டாங்க. வாப்பாட்ட அந்த விடாத முத்திரை இருந்தா எனக்கு உடன ஃபோன் எடுங்க.

விலை ஏன் இல்ல எண்டா, இந்த மாதிரிப் பாட்டுக்கார முத்திரை நிறைய, கடிதத்துல ஒட்டுறதுக்காக அடிச்சதே இல்ல, சேகரிக்கிறவனுக்கு விக்கத்தான் அடிச்சது. கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றன். முத்திரைய சாமணத்தால எடுத்து திருப்பிப் பாருங்க. முன்னால ஒரு மூலையில அழகா கால் வட்டமா சீல் விழுந்திருக்கு, பின்னால பசை புதுசா பளபளக்குது எண்டா அது ஒரு நாளும் உறையில ஏறாத முத்திரை. அச்சடிச்ச இடத்துலயே கட்டுக் கட்டா சீல் குத்தி வித்தது. உண்மையா தபால்ல போன முத்திரையில சீல் அப்பியிருக்கும், முகம் தெரியாது, பின்னால பசை கழுவிப் போயிருக்கும். மூஞ்சி வடிவா இருக்கிறதெல்லாம் மலிவு, அடிபட்டு வந்ததுக்குத்தான் கதை இருக்கு.

கள்ள முத்திரையும் கவனம். ஜோர்ஜியாவுல இருந்து பிரிஞ்ச அப்காசியா எண்ட இடத்துட பேரில 1990கள்ல ஒரு முத்திரை வந்திச்சு. சோவியத் காலத்துல மாக்ஸ், லெனின் படம்தானே எல்லா இடமும், இவங்க போட்டது பகிடிக்கார நடிகர் குரூச்சோ மாக்ஸும் பீட்டில்ஸ் பாடகர் ஜோன் லெனனும்! தபாலுக்குச் செல்லாத முத்திரை, ஆனா அந்த நக்கலுக்காகவே வாங்கி வச்சிருக்கிற ஆக்கள் இருக்காங்க. 2002ல இருந்து உலகத் தபால் சங்கம் உத்தியோகபூர்வ முத்திரைகளுக்கு நம்பர் குடுத்து பதிவு வச்சிருக்கு, இன்டர்நெட்டில பாக்கலாம். அதில இல்லாத புது முத்திரைய பாட்டுக்காரன்ட வடிவுக்கு மயங்கி வாங்காதீங்க.

உயிரோட இருக்கிற பாடகர்ட படத்த முத்திரையில போடக்கூடாது எண்டு சட்டம் இருக்கா?
*— பொத்துவில் வாசகர்*

நாட்டுக்கு நாடு வேற. சுவீடன் 1983லயே தங்கட நாட்டு ABBA இசைக்குழு நாலு பேரையும் உயிரோட போட்டாங்க. அமெரிக்காவில செத்துப் போனாத்தான் முகம். பிரிட்டன்ல முந்தி அரச குடும்பம் தவிர உயிரோட இருக்கிற ஆள் யாரும் வரக்கூடாது எண்டு ஒரு வழக்கம், அதில 1999ல ஒரு கலாட்டா. குயின் இசைக்குழுட ஃப்ரெடி மேர்க்குரி 1991ல காலமாகிட்டார், அதால அவருக்கு 19 பென்ஸ் முத்திரை விட்டாங்க, பிழையில்ல. ஆனா படத்துல அவருக்குப் பின்னால ட்ரம்ஸுக்குப் பக்கத்துல ஒரு சின்ன முகம் தெரியுது, அது ரோஜர் டெய்லர், உயிரோட இருக்கிற மனுசன்! பேப்பர்ல எல்லாம் சத்தம். பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தாத்தான் தெரியும், ஆனா முத்திரைக்காரன்ட கையில எப்பவும் பூதக்கண்ணாடி இருக்கும் எண்டத அவங்க மறந்து போனாங்க. பிறகு அந்த வழக்கமே மாறிட்டு, 2020ல குயின் குழுவுக்கு முழுத் தொகுதியே வந்திச்சு.

ஃப்ரெடி மேர்க்குரியே முத்திரை சேர்த்த ஆள் எண்டு தெரியுமா? சன்சிபார்ல பிறந்து இந்தியாவில பஞ்ச்கனியில படிச்ச பொடியன், சின்ன வயசுல அவர் முத்திரைகள வரிசையா ஒட்டாம கோலம் போட்ட மாதிரி ரெண்டு பக்கமும் ஒத்து வர அடுக்கியிருக்கார், அந்த அல்பம் இப்ப லண்டன் தபால் நூதனசாலையில. ஜோன் லெனன்ட சின்ன வயசு அல்பம் வொஷிங்டன் தபால் நூதனசாலையில, முதல் பக்கத்துல இருக்கிற விக்டோரியா மகாராணிக்கு பேனையால மீசை கீறி வச்சிருக்கார். உங்கட புள்ள முத்திரைக்கு மீசை கீறினா அடிக்காதீங்க, யோசிச்சுச் செய்யுங்க.

பாட்டுக்காரர் எல்விஸ் பிரெஸ்லிட கதைய விட ஏலாது. 1992ல அமெரிக்காவில இளம் எல்விஸா வயசான எல்விஸா எண்டு வோட்டு வச்சாங்க, பத்து லட்சத்துக்கு மேல வோட்டு விழுந்திச்சு, இளசுதான் வெண்டது. 1993 ஜனவரி 8, அவர்ட பிறந்தநாள் அண்டு 29 சத முத்திரை. மறுகா ரசிகர்மார் செஞ்ச வேலைதான் சூப்பர். "அனுப்பினவருக்கே திருப்பு" எண்டு அவர்ட பாட்டு ஒண்டு இருக்கு, அதுக்காக இல்லாத விலாசத்துக்கு எல்விஸ் முத்திரை ஒட்டி கடிதம் போட்டு, கந்தோர்ல அதே வசனத்த சீல் குத்தி திருப்பி அனுப்பினத பத்திரமா வச்சிருக்காங்க. தபால்காரன்ட பாவத்த யார் கேட்டா.

வெள்ளத்துல அல்பம் நனைஞ்சு போச்சு. பாட்டுக்காரர் முத்திரை செட் ஒண்டு பக்கத்தோட ஒட்டிக் கிடக்கு. இழுத்து எடுக்கவா?
*— ஆசிரியை, களுவாஞ்சிகுடி*

இழுக்காதீங்க டீச்சர்! இழுத்தா மேல் தோல் கழண்டு வந்திரும், மறுகா அது முத்திரை இல்ல, குப்பை. என்ட முதல் அல்பம் 2004 சுனாமியில உப்புத் தண்ணியில ரெண்டு நாள் கிடந்து, அவசரத்துல வெயில்ல காய வச்சு, கருவாடு மாதிரி சுருண்டு போய், பாதிய நானே நாசமாக்கினவன். அந்தப் பாவத்துலதான் இத எழுதுறன்.

உங்கட முத்திரை பாவிச்சதா புதுசா எண்டு முதல்ல பாருங்க. பாவிச்ச முத்திரை எண்டா பயமில்ல, பக்கத்தோட வெட்டி, அகலமான தட்டுல இளஞ்சூட்டுத் தண்ணி விட்டு மிதக்க விடுங்க, கால் மணித்தியாலத்துல தானா கழண்டு வரும், விரலால தேய்க்காதீங்க, சாமணத்தால தூக்கி வெள்ளைத் தாள்ல குப்புறப் போட்டு நிழல்ல காய விடுங்க. பேப்பர்ல போடாதீங்க, மை ஏறும். முக்கால்வாசி காஞ்ச உடன தடிச்ச புத்தகத்துக்குள்ள வச்சு அமத்தினா சுருளாது. உரிச்சு ஒட்டுற ஸ்டிக்கர் முத்திரை தண்ணியில கழண்டு வராம அடம்பிடிக்கும், அத தாளோட சேர்த்து சுத்திவர வெட்டி அப்படியே வச்சிருங்க.

பின்பசை போகாத புது முத்திரை எண்டா தண்ணியில போட ஏலாது, பசை போனா விலையும் போகும். அதுக்கு ஒரு வேலை இருக்கு. மூடியோட ஒரு சாப்பாட்டுப் பெட்டி எடுங்க, அடியில நனைச்சுப் பிழிஞ்ச ஸ்பொஞ்ச், அதுக்கு மேல தண்ணி படாம ஒரு வலைத் தட்டு, அதுக்கு மேல ஒட்டின பக்கம். மூடி வையுங்க. சில மணித்தியாலத்துல ஈரக் காத்துலயே பசை இளகும், அடிக்கடி திறந்து ஓரத்த மெல்லத் தூக்கிப் பாருங்க, வந்தா வரும், வராட்டி திரும்ப மூடுங்க. பொறுமைதான் இதுக்கு மருந்து, அவசரமெண்டா இந்தப் பொழுதுபோக்கு சரிவராது.

மண்ணிறப் புள்ளி விழுந்திருந்தா அது பூஞ்சணம். அந்த முத்திரைய மற்றதுகளோட சேர்த்து வைக்காதீங்க, பரவும். கார்த்திகை மார்கழி மழைக்கு அல்பத்த படுக்க வைக்காம புத்தகம் மாதிரி நிமித்தி வையுங்க, புதுச் சப்பாத்துப் பெட்டியில வாற அந்தச் சின்ன சிலிக்கா பக்கட்டுகள எறியாம அலுமாரிக்குள்ள போடுங்க. லெமினேட் பண்ணுறது, செலோடேப் ஒட்டுறது ரெண்டும் கொலைக் குற்றம். தெரிஞ்ச ஒரு பொடியன் பூட்டான் முத்திரைய லெமினேட் பண்ணிக் கொண்டு வந்து காட்டினான், அண்டைக்கு எனக்கு சோறு இறங்கேல்ல.

எல்லாரும் யூடியூப்தான் பாக்கிறாங்க. இனி பாட்டுச் சேனலுக்கு முத்திரை விட்டு என்ன பலன்?
*— அக்கரைப்பற்று வாசகர்*

முத்திரை எண்டாலே போன காலத்துக்குத்தானே தம்பி விடுற. பிரிட்டன்ல எம்.டி.விட அஞ்சு பாட்டுச் சேனல 2025 டிசம்பர் 31 ஓட மூடிட்டாங்க. இனித்தான் கூச்சம் இல்லாம விடலாம், மூடின கடைக்கு விளம்பரம் எண்டு யார் சொல்லுவான்.

நம்மட ஊர்ப் பாட்டுக்கு ஒரு முத்திரை வேணுமெண்டா என்னத்தப் போடலாம் மாமா? யார்ட்டக் கேக்கிறது?
*— பாலத்தடிப் பொடியன், மட்டக்களப்பு*

ஒண்டு ஏற்கனவே இருக்கு. காரைதீவுல 1892ல பிறந்த விபுலாநந்த அடிகளுக்கு நம்மட நாட்டு முத்திரை வந்திருக்கு. விஞ்ஞானம் படிச்ச மனுசன், பழைய யாழ் வாத்தியத்துட நரம்புக்கெல்லாம் கணக்குப் போட்டு யாழ் நூல எழுதி 1947ல அரங்கேத்தினார், அதே வருசம் காலமாகிட்டார், கல்லடி உப்போடையில சமாதி. எங்கட மாவட்டத்துல முத்திரை சேர்க்கத் தொடங்கிற புள்ளைக்கு நான் முதல்ல குடுக்கிறது அந்த முத்திரையத்தான்.

நீங்க கேட்டது புதுசு எண்டா, எனக்கு ஆசை நம்மட வாவியில பாடுது எண்டு சொல்ற பாடுமீன். பழைய கல்லடிப் பாலத்துக்குக் கீழ பறுவத்துக்கு தோணியில போய், துடுப்ப தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியில காத வச்சா கேக்கும் எண்டு நம்மட ஆக்கள் சொல்றதுதானே. மீன வரைய வேணாம், மீன எவனும் கண்டதில்ல. துடுப்பும் அதில சாஞ்ச ஒரு காதும் போதும். கேக்கிறவன்ட படம்தான் வேணும், நான் முன்னுக்கும் அதத்தான் சொன்னன்.

யார்ட்டக் கேக்கிறது எண்டா தபால் மா அதிபருக்கு எழுதுங்க. என்னத்துக்கு, எந்த வருசம் பொருத்தம், படம் என்ன எண்டு விளக்கமா, ஒரு வருசத்துக்கு முந்தியே. ஒரு ஆள் எழுதினா கோப்புக்குள்ள போகும், பள்ளிக்கூடம், சங்கம், கோயில் எண்டு பல இடத்துல இருந்து போனா கோப்பு திறக்கும். அதுவரைக்கும் பொறுக்க ஏலாட்டி கொழும்பு முத்திரைப் பணியகத்துல உங்கட படத்தோட தனிப்பட்ட முத்திரை அடிச்சுக் குடுக்கிறாங்க, அதக் கேட்டுப் பாருங்க. நான் ஒருக்கா ஒரு கந்தோர்ல ஆசையா ஒரு முதல்நாள் உறைய (முத்திரை வெளியான நாள்லயே சீல் குத்தி வைக்கிற உறை) நீட்டி "மெல்ல ஒரு சீல் குத்துங்க ஐயா" எண்டு கேட்டன். அவர் சிரிச்சுக்கொண்டே பாடகர்ட மூக்கு மேலயே நச்செண்டு குத்தித் தந்தார். இப்பவும் அல்பத்துல கிடக்கு, மூக்கில்லாம.

*அடுத்த மாசத்துக்கு கேள்வி அனுப்புறவங்க கவனிக்க: வாட்ஸ்அப்ல அனுப்பினாலும் பதில் வரும். ஆனா உறையில அனுப்புங்க புள்ளைகள், அதுவும் கந்தோர்ல மெசின் சீல் அடிக்காம நல்ல பெரிய முத்திரையா ஒட்டச் சொல்லிக் கேட்டு. காரணம் கேக்கப்படாது.*